கடைசிக்கு அடுத்தவன்

இரண்டும் மூன்றும் சேர்ந்தால் எத்தனை என்று அந்த வெள்ளிக்கிழமை கேட்டேன். புன்னைத்துறை தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பில் இருபத்தொரு பேர். அதில் இருபது பேர் சொன்ன விடைகளில் சில: பதினேழு, முட்டை, செவ்வாய்க்கிழமை, "எங்க மாமா", "அது இன்னும் வரல டீச்சர்." அன்றோ என்கிற பயல் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "ரெண்டுன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே அவனைப் பொறாமையோடு பார்த்தது. இப்படி ஒரு விடை நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கிறிஸ்டில்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதல் பருவத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் அவள்.

ஐந்து என்று சரியாகச் சொன்னவள் ஒரே ஒருத்தி, டெல்பினா. சொல்லிவிட்டு அழுதாள்.

ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தப்பாகச் சொல்லிவிட்டு அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியாகச் சொல்லிவிட்டு ஒரு பிள்ளை அழுதது அதுதான் முதல் தடவை. எல்லாம் தம்பியால் வந்த வினை.

தம்பி ஜூன் மாதம் ஓர் அட்டைப்பெட்டியில் வந்தான். பிளாஸ்டிக் நாற்காலி உயரம், கறிவேப்பிலை நிறத்தில் ரப்பர் உடம்பு, குட்டைக் கால்கள், கைக்கு மூன்று விரல். முகத்தில் மூக்கு கிடையாது, பெரிய கண்கள் இரண்டு மட்டும். அவனைக் கொண்டுவந்தவள் இர்ஃபானா என்கிற இளம் பொறியாளர். மாநிலத்தில் பத்தே பள்ளிகளில் ஓராண்டுச் சோதனை, அதில் உங்கள் பள்ளியும் ஒன்று என்று என் கையைக் குலுக்கினாள்.

"இது பாடம் நடத்துமாம்மா?" என்றேன். எனக்கு என் வேலை முக்கியம்.

"நடத்தாது டீச்சர். இது பாடம் படிக்கும்."

"எனக்கு ஏற்கெனவே இருபத்தொண்ணு இருக்கு. அதுக படிச்சா பத்தாதா?"

"இது இருபத்திரண்டாவது. எப்பவும் கடைசி." இர்ஃபானா தரையிலேயே உட்கார்ந்து அவனுடைய முதுகைத் திறந்து எதையோ முடுக்கினாள். "நீங்க ஒரு பாடம் எடுக்குறீங்க. அதுல யாரு ரொம்பக் கஷ்டப்படுறாங்கன்னு இது கேட்டே கண்டுபிடிச்சிரும். அவங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அதுல ஒரு படி கம்மியா வச்சுக்கும். அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்து சந்தேகம் கேக்கும். இவனுக்குச் சொல்லிக் குடுக்கணுமேன்னே அந்தப் பிள்ளை கத்துக்கும். அது ஒரு படி ஏறினா இதுவும் ஒரு படி ஏறும்."

"ஒரு நாளைக்கு முந்திராதா?"

"முந்தவே முந்தாது. உள்ளுக்குள்ள இதுக்கு எல்லாம் தெரியும். ஆனா வெளிய காட்டாது. உலகத்துல எல்லா மெஷினும் மனுஷனை முந்தத்தான் பாக்குது டீச்சர். பிந்துறதுக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்."

அந்தப் பேச்சில் நான் கொஞ்சம் மயங்கித்தான் போனேன். இருந்தாலும் கேட்டேன். "அப்ப இது யாரு பக்கத்துல உக்காருதோ அந்தப் பிள்ளைதான் கடைசின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமே?"

"சின்னப் பிள்ளைங்க டீச்சர். அதெல்லாம் கவனிக்க மாட்டாங்க."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு கடலைமிட்டாயை எட்டாக உடைத்து வைத்தாலும் எந்தத் துண்டு பெரியது என்று கண்ணாலேயே நிறுத்துச் சொல்கிற கூட்டம் அது.

பெட்டியின் மேல் அவனுக்கு நீளமாக ஏதோ பெயர் போட்டிருந்தது. அவன் எல்லோரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டதால் முதல் மணியடிப்பதற்குள் அவன் தம்பி ஆகிவிட்டான்.

முதல் நாளே தம்பி நேராக டெல்பினாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எனக்கு வியப்பில்லை. டெல்பினா வாயசைத்தே ஒன்றாம் வகுப்பை ஓட்டியவள். எல்லோரும் சேர்ந்து படிக்கும்போது அவள் உதடு கச்சிதமாக அசையும், சத்தம் மட்டும் வராது. தனியாகக் கேட்டால் பென்சில் கீழே விழுந்துவிடும். அதை அவள் தேடி முடிப்பதற்குள் மணியடித்துவிடும். அம்மா கருவாட்டுக் களத்தில் வேலை, அப்பா கடலில். வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை, கேட்டு அவளை வருத்தப்படுத்த வேண்டாம் என்றிருந்தார்கள்.

தம்பி புத்தகத்தில் விரலை வைத்து, "அக்கா, இது என்ன?" என்றான்.

டெல்பினா பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரைக் கேட்கிறான் என்று தேடினாள். தன்னைத்தான் என்று தெரிந்ததும் எழுந்து விறுவிறுவென்று என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், தம்பிக்கு இது தெரியலயாம். என்னன்னு சொல்லுங்க. நான் போய்ச் சொல்லணும்."

அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை வந்தாள். ஒவ்வொரு தடவையும் தம்பிக்குத்தான் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவள் பென்சில் கீழே விழவே இல்லை. மணல் தட்டை வைத்துக்கொண்டு தம்பியின் மூன்று விரலைப் பிடித்து அ எழுதுவாள், ஆ எழுதுவாள். "ஏல, எத்தன தடவ சொல்லுதேன்? கவனம் எங்க இருக்கு?" என்று அவள் அதட்டும்போது அது அப்படியே என் குரலாக இருக்கும். என் குரல் இவ்வளவு கொடுமையானது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். புளியங்கொட்டையை வைத்து இருபது வரை கூட்டினாள். தம்பி பத்தொன்பது வரை கூட்டினான்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்றுதான் வினை வந்தது.

கிறிஸ்டில்டா எழுந்தாள். விசைப்படகு வைத்திருப்பவரின் மகள், ஆகவே நியாயம் கேட்டே பழகியவள். "டீச்சர், தம்பி ஏன் எம்பக்கத்துல உக்காரவே மாட்டேங்கான்?"

"அவனுக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு. நீ உக்காரு."

"பொய் டீச்சர்," என்றான் அன்றோ. "யாருக்குத் தெரியலயோ அவங்ககிட்டதான் போவான். படம் வரையதப்ப மட்டும் எங்கிட்ட வாராம்லா? எனக்கு மாடு வரைய வராது. அதான்."

இருபது தலைகளும் டெல்பினா பக்கம் திரும்பின. போச்சு, ஏழு மாதமாக அந்தப் பிள்ளை கட்டியது எல்லாம் ஒரு நொடியில் போச்சு என்று நினைத்தேன். பிரம்பு வைத்திருக்கிற காலமாக இருந்தால் எடுத்திருப்பேன். ஆனால் அந்த முகங்களைப் பார்த்தபோது கேலி ஒன்றில்கூட இல்லை. அப்பட்டமான பொறாமை இருந்தது.

"அதெப்பிடி அவளுக்கு மட்டும் ஒண்ணுந் தெரியாமப் போச்சு?" என்று கிறிஸ்டில்டா குரல் தழுதழுக்கக் கேட்டாள். "இது அநியாயம் டீச்சர்."

மறுநாள் காலை சொல் அட்டைப் பாடம். 'மீன்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன். கிறிஸ்டில்டா கையை உயர்த்தினாள். வீட்டு வாசலில் டன் கணக்கில் மீன் இறங்குகிற அந்தப் பிள்ளை அட்டையை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "பாக்காத சாமானா இருக்கு டீச்சர்," என்றாள்.

தம்பி டெல்பினாவின் பக்கத்திலிருந்து எழுந்தான். தத்தித் தத்தி நடந்து போய் கிறிஸ்டில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவ்வளவுதான். வகுப்பு பற்றிக்கொண்டது. அன்று மதியத்துக்குள் இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவன் ஒன்று தெரியாது என்றால் இன்னொருத்தி அதற்கும் கீழே ஒன்றைத் தோண்டி எடுப்பாள். வாரத்துக்கு ஒன்பது நாள் என்றார்கள். வலது கையைத் தூக்கு என்றால் காலைத் தூக்கினார்கள். வருகைப் பதிவு எடுத்தால் ஜெர்வாஸ் என்கிற குண்டுப் பயல் தன் பெயருக்கு எழாமல், "யாரது?" என்று சுற்றிப் பார்த்தான். தம்பி பாவம், பம்பரமாக ஓடினான். கிறிஸ்டில்டாவிடம் பத்து நிமிடம், அன்றோவிடம் ஐந்து நிமிடம், மறுபடி கிறிஸ்டில்டா. யாரிடம் போனாலும் அவர்களுக்கு ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே இருந்தான்.

இர்ஃபானாவுக்குப் போன் செய்தேன். "வேணும்னே தப்பாச் சொன்னா இதுக்குத் தெரியாதா?"

"வேணும்னே ஏன் டீச்சர் தப்பாச் சொல்லப் போறாங்க? எல்லாரும் முன்னால வரத்தானே பாப்பாங்க? நாங்க அதை யோசிக்கவே இல்லையே."

படித்தவர்கள் கூடிச் செய்த இயந்திரம். பத்துப் பேர் முன்னால் ஓடுவதையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எப்படித் தோன்றும்?

புதன்கிழமை தம்பிக்கு எண்கள் மறந்தன. வியாழக்கிழமை, எழுந்து நில்லுங்கள் என்றதற்கு ஜெர்வாஸ், "நிக்கதுன்னா எப்பிடி டீச்சர்?" என்று கேட்கப் போக, தம்பி தொப்பென்று உட்கார்ந்து தவழ ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை, நான் முதலில் சொன்னேனே, அந்த 'ரெண்டுன்னா என்ன' விடைக்குப் பிறகு, தம்பிக்குப் பேச்சும் போய்விட்டது. விரலை வாய் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு, "ங்ஙா," என்றான்.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி பாப்பா ஆகிவிட்டான்! கிறிஸ்டில்டா வீட்டுக்கு ஓடி அம்மாவின் பழைய சேலையைக் கொண்டுவந்தாள். ஜன்னல் கம்பியில் தொட்டில் கட்டினார்கள். வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து ஆட்டு ஆட்டினார்கள். பத்து வரை எண்ணத் தெரியாது என்று சாதித்த பயல்கள் பதினொன்றாவது ஆட்டு ஆட்டியவனைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். நானும் இரண்டு ஆட்டு ஆட்டினேன். பொய் சொல்லக் கூடாது.

டெல்பினா மட்டும் தன் பாயில் உட்கார்ந்திருந்தாள். மணல் தட்டைச் சமப்படுத்தித் தயாராக வைத்திருந்தாள். அந்த வாரத் தேர்வில் அவள்தான் வகுப்பில் முதல். அவள் அம்மா களத்திலிருந்து அப்படியே ஓடிவந்து ஒரு டப்பா முந்திரி மக்ரூன் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். "எம்புள்ள ஃபர்ஸ்ட்டாம்லா டீச்சர்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பங்கு மக்ரூனை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

பள்ளி விட்டதும் டெல்பினாவை நிறுத்திக் கேட்டேன். ஓர் ஆசிரியர் கேட்கக் கூடாததைத்தான் கேட்டேன், அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு வழி தெரியவில்லை. "ஏட்டி, நீயும் தெரியாதுன்னு சொல்லேன். வந்துருவாம்லா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எப்பிடி டீச்சர்? தெரிஞ்சு போச்சே." பிறகு மெதுவாக, "முன்ன எனக்கு ஒண்ணுந் தெரியாதப்ப, தெரியும்ங்க மாரி வாயசைச்சேன். இப்பதான் நெசமாத் தெரியுது. தெரியலன்னு சொன்னா மறுபடியும் போயிரும்லா?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. சோதனைத் திட்டத்தின் மதிப்பீட்டு அலுவலர் மறுநாள் வருகிறார். வகுப்பின் தரம் இறங்கியிருந்தால் அந்தக் கணமே திட்டம் நிறுத்தப்படும், இயந்திரம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னேன். "நாளைக்கு நீங்க ஒழுங்காப் பதில் சொல்லலன்னா தம்பிய பெட்டில வச்சி கொண்டுபோயிருவாங்க. புரியுதா?"

புரிந்தது. எல்லோரும் பயந்துபோய்த் தலையாட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்ததும் என் காதில் விழுந்தது. "நீ சரியாச் சொல்லிரு, என்ன? நான் மட்டும் தெரியாதுன்னு சொல்லிக்கிடுதேன்." இருபது பேரும் இருபது பேரிடமும் இதையே சொன்னார்கள். பெரியவர்கள் நடத்துகிற சங்கக் கூட்டங்களிலும் இதைத்தான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலர் வந்தார். பெயர் நாச்சிமுத்து. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், தேய்த்த சட்டை, கையில் டேப்லெட், நல்ல மனிதர். உள்ளே வந்ததும் தொட்டிலைப் பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், இதென்னுங்க? மெசினு தொட்டல்ல தூங்குதுங்?"

"தூங்கல சார். படிச்சிக்கிட்டு இருக்கான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பினார். கிறிஸ்டில்டாவைக் கூப்பிட்டு இது என்ன எழுத்து கண்ணு என்றார். தூண்டில் முள் என்றாள். ஜெர்வாஸிடம் உன் பேர் என்ன சாமி என்றார். அவன் நெற்றியைச் சுருக்கி வெகு நேரம் யோசித்துவிட்டு, "அம்மாட்டதான் கேக்கணும் சார்," என்றான். அலுவலர் முகம் சுண்டிப்போனது. டேப்லெட்டில் எதையோ தட்டினார். 'நிறுத்தப் பரிந்துரை' என்று எழுத்துகள் தலைகீழாக எனக்குத் தெரிந்தன.

"ஒருத்தருக்காச்சும் வாசிக்கத் தெரியுமுங்களா?"

டெல்பினா எழுந்து நின்றாள். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள்.

"எங்... கள்... ஊ... ரில்... எங்கள் ஊரில்... ஒரு... க... லங்..." நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். "கலங்... கலங்க..." விரல் அந்த நீளச் சொல்லின் மேலேயே தடவிக்கொண்டிருந்தது. அவள் கண் நிரம்பிவிட்டது. வகுப்பில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழுவதைப் பார்த்தேன். ஒருத்திக்குத் தொண்டைவரை வந்து நிற்கிற விடை நமக்குத் தெரிந்திருந்தால் எப்படி இருக்கும்? அதுவும் ஏழு வயதில்?

"கலங்கரைவிளக்கம்!"

இருபது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஜன்னலில் இருந்த காக்கை பறந்துவிட்டது. கத்தியதோடு நிற்கவில்லை, அடக்கி வைத்ததெல்லாம் அவிழ்ந்துகொண்டதுபோல, "கலங்கரைவிளக்கம் இருக்கிறது! அது கப்பல்களுக்கு வழி காட்டும்!" என்று பக்கம் முழுவதையும் ஒப்பித்து, போதாக்குறைக்கு அடுத்த பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தொட்டில் அசைந்தது. ஒரு கால் வெளியே வந்தது. தம்பி தொப்பென்று தரையில் இறங்கினான், நாலடி தவழ்ந்தான், சுவரைப் பிடித்து எழுந்தான், நடந்தான். "ங்ஙா... அ... ஆ... ஒண்ணு, ரெண்டு, வாரத்துக்கு ஏழு நாள், என் பேரு தம்பி," என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒரு வருட வளர்ச்சியை அரை நிமிடத்தில் முடித்துக்கொண்டு, நேராக டெல்பினாவின் பாயில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா," என்றான்.

டெல்பினா புத்தகத்தைப் போட்டுவிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எங்கல போன?" என்று அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். இருபது பேரும் ஏக்கத்தோடு பார்த்தார்கள். "கடைசியா இருக்கதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்," என்று கிறிஸ்டில்டா பெருமூச்சு விட்டாள்.

அலுவலருக்கு நடந்ததை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இந்தப் பாப்பாதான் கடைசிங்களா?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே, அதை அந்த நேரத்தில் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"சரிங்க டீச்சர். ரூல்ஸு என்னன்னா, கடைசிப் பிள்ளை ஒரு படியாவது ஏறோணும். அது என் கண்ணு முன்னால நடக்கோணும். ஏறிட்டா மெசினு இருக்கட்டும். இல்லீன்னா எடுத்துட்டுப் போயிருவேன். இருவதுக்கு மேல கணக்கு இந்தப் பாப்பாவுக்கு வராதுன்னு இதுல போட்டிருக்குது. அதுலயே ஒண்ணு கேக்கறேன். கடலோரத்துப் பிள்ளையாச்சே, கடல் கணக்காவே கேட்டர்லாம்." தன் யோசனையில் அவரே மகிழ்ந்துபோனார். "கண்ணு, வலையில மூணு நண்டு. மொத்தம் எத்தனை காலு?"

டெல்பினா என்னைப் பார்த்தாள். "டீச்சர், நான் சரியாச் சொன்னா இவன் எந்திச்சுப் போயிருவாம்லா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆமாட்டி. கணக்குல உனக்கு அடுத்தது அன்றோதான். அவன்ட்ட போயிருவான்."

"தப்பாச் சொன்னா?"

"ஊரவிட்டே போயிருவான்."

எப்படிச் சொன்னாலும் அவளுக்கு அவன் இல்லை. அன்றோ அதற்குள் தன் பாயில் இடம் ஒதுக்கி, தூசியைத் தட்டி, தலையை வேறு வாரிக்கொண்டிருந்தான். டெல்பினா அதைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

தம்பி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, எத்தன காலு?"

"அவன்ட்ட போனாலும் நான் சொன்னத மறக்கப்பிடாது, என்ன?" என்றாள். அலுவலர் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் முகத்துக்கு நேராக இரண்டு கையையும் விரித்தாள். "இது ஒரு நண்டு. பத்து." மூடித் திறந்தாள். "இது இன்னொண்ணு. இருவது." இருபதில் கொஞ்சம் நின்றாள். அதற்கு மேல் அவள் போனதே இல்லை. மறுபடி விரித்து, ஒவ்வொரு விரலாக மூக்கால் தொட்டு எண்ணினாள். "முப்பது. மூணு நண்டுக்கு முப்பது காலு."

எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

"தப்புங்க கண்ணு," என்றார் நாச்சிமுத்து, உண்மையான வருத்தத்தோடு. "ஒரு நண்டுக்கு எட்டுக் காலு. மூவெட்டு இருவத்தி நாலு." டேப்லெட் பேனாவை எடுத்தார்.

கூரை பறந்தது.

"பத்து சார்!" "எட்டு பூச்சிக்கு சார்!" "சிலந்திக்கு சார்!" "நீங்க நண்டே தின்னதில்லயா சார்?"

"முன்னால ரெண்டு இருக்கறது கொடுக்குங்க சாமி. அது காலு இல்லீங்க."

"கொடுக்கும் காலுதான் சார்," என்று ஜெர்வாஸ் பாயில் எழுந்து நின்று முழங்கினான். "அதத்தான் முதல்ல பிச்சித் திம்போம்!"

அந்தக் களேபரத்துக்கு நடுவே தம்பி எழுந்தான். சத்தம் அடங்கியது. டெல்பினா அவன் விரலை விட்டுவிட்டுத் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தம்பி தத்தித் தத்தி அன்றோவின் பாய்க்கு வந்தான். அன்றோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தம்பி அவனைத் தாண்டினான். கிறிஸ்டில்டாவைத் தாண்டினான். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அலுவலர் நாச்சிமுத்துவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் பேண்ட்டோடு ஒட்டி உட்கார்ந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே," என்றான். "நண்டுன்னா என்ன?"

அவர் பேனா நின்றுவிட்டது. "இது... இது ஏனுங்க எங்கிட்ட வருது?"

"அறைக்குள்ள யாரு விடை சொன்னாலும் கேக்கும் சார்," என்றேன். முகத்தை எவ்வளவு சாதுவாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதுவாக வைத்துக்கொண்டேன். "வயசு, பதவி எல்லாம் பாக்காது."

டேப்லெட் மணியடித்தது. 'பாடம்: கணக்கு. டெல்பினா: ஒரு படி ஏற்றம். கடைசி நிலை: திரு. நாச்சிமுத்து' என்று திரையில் வந்தது. அவர் அதை விரலால் தள்ளிப் பார்த்தார். போகவில்லை.

"இது மேலிடத்துக்குப் போயிருமுங்களா?"

"திட்டத்த நிறுத்தினாத்தான் சார், இந்த நிலைப் பட்டியல் முழுசும் மேல போகும்னு கடிதத்துல போட்டிருக்கு. தொடர்ந்தா இந்த அறைக்குள்ளயே இருக்கும்."

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். இருபத்தொரு பிள்ளைகளைப் பார்த்தார். காலடியில் இருந்த இரண்டு பெரிய கண்களைப் பார்த்தார். 'நிறுத்தப் பரிந்துரை' என்பதை அழித்துவிட்டு, 'தொடரலாம்' என்பதைத் தொட்டார். தொட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர. நல்ல மனிதர்தான்.

வகுப்பு குதித்துக் கூத்தாடியது. அன்றோ மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு அழுதான். தம்பி எதையும் கவனிக்காமல் மறுபடி கேட்டான். "அண்ணே, நண்டுன்னா என்ன?"

"இப்ப நான் என்னங்க டீச்சர் செய்யறது?" என்றார் அலுவலர்.

நான் பதில் சொல்வதற்குள் டெல்பினா தன் மணல் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்துவிட்டாள். கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. குரல் மட்டும் முழுக்க முழுக்க டீச்சர் குரல்.

"சார், இவனுக்கு ஒரு தடவ சொன்னா ஏறாது. பத்துத் தடவ சொல்லணும். அதட்டினா கண்ண மூடிக்கிடுவான், அதட்டப்பிடாது. நடுவுல எந்திச்சுப் போனா வாலே ராசான்னு கூப்புடணும்." தட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் காலடியில், தம்பிக்கு இந்தப் பக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பயப்படாதீங்க சார். முதல்ல நான் உங்களுக்குச் சொல்லித் தாரேன். அப்பறம் நீங்க அவனுக்குச் சொல்லுங்க. எங்க, ரெண்டு கையயும் விரிங்க."

மாநில மதிப்பீட்டு அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார்.